அக்குளில் ஒரு சதுரத் துண்டு

என்னிடம் ஒரு பச்சைப் பட்டு ஜாக்கெட் இருக்கிறது. தைத்து வந்த முதல் நாளே கையைத் தூக்கினால் பிடித்தது. பேருந்தில் மேல் கம்பியைப் பிடித்தால் ஜாக்கெட்டின் கீழ்ப்பட்டி இருந்த இடத்தை விட்டு இரண்டு விரற்கடை மேலே ஏறிவிடும், இறங்கிய பிறகு முந்தானைக்குள் கைவிட்டு இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும், பரணிலிருந்து எதையாவது எடுத்தாலும் இதே கதைதான். தைத்தவரிடமே திரும்பக் கொண்டுபோனேன். அவர் பார்த்துவிட்டு, "கைக்குழி டைட்டா இருக்கும்மா, அரை இன்ச் இறக்கிவிட்டா ஃப்ரீயாயிடும்" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பிடிக்கிற இடத்தில் துணியை வெட்டிவிட்டால் பிடிப்பு போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இரண்டு நாளில் இறக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து போட்டுக்கொண்டு கையைத் தூக்கினேன். முன்பு இரண்டு விரற்கடை ஏறியது இப்போது மூன்று விரற்கடை ஏறியது.

அந்த ஒரு விரற்கடைதான் என்னை விடவில்லை. ஓட்டை பெரிதானால் கைக்கு இடம் கூடத்தானே வேண்டும், எப்படிக் குறையும்? எனக்குக் கொஞ்சம் தையல் தெரியும், அம்மாவிடம் கற்றது, அம்மாவுக்கு நிறையத் தெரியும். இரண்டு பேரும் அந்த ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் போட்டு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். தையலில் குறை ஒன்றும் இல்லை. அப்புறம்தான், இந்தக் கைக்குழி என்கிற விஷயம் எங்கிருந்து வந்தது, யார் முதலில் துணியை அங்கே வளைத்து வெட்டினார்கள் என்று தேட ஆரம்பித்தேன். நம் புடவையிலும் வேட்டியிலும் அது கிடையாது. தோளை ஒட்டி வளைத்து வெட்டி, ஸ்லீவைத் தனியே வெட்டி அதில் பொருத்தும் இன்றைய ஜாக்கெட்டின் வெட்டு, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்களின் மேலாடையைப் பார்த்து நமக்கு வந்தது. ஆகவே என் அக்குளில் பிடிக்கிற தையலுக்கான விடையும் ஐரோப்பாவில்தான் இருக்க வேண்டும். தேட ஆரம்பித்தது ஒரு ஜாக்கெட்டுக்காக, ஆனால் நான்கு வருடமாக அதைவிட்டு என்னால் வெளியே வர முடியவில்லை.

குழியே இல்லாத காலம்

முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் யவனர்களைச் சொல்லும்போது 'மெய்ப்பை' என்று ஒரு சொல் வரும். சட்டை என்று பொருள். மெய்க்கு ஒரு பை. சட்டை போட்டுப் பழகாத ஒருவர் சட்டை போட்டவரைப் பார்த்து வைத்த பெயர் போலவே இருக்கிறது, அதைவிட, அந்தக் காலத்து மேற்கத்திய ஆடைக்கு அது மிகச் சரியான பெயரும்கூட. ரோமர்கள் போட்ட டியூனிக் என்ற மேலாடை உண்மையிலேயே பைதான். பிற்கால ரோமப் பேரரசில் ஸ்லீவ் வைத்த டியூனிக்குகள் பரவலாயின. எகிப்தின் வறண்ட மண்ணில் புதைந்திருந்து கிடைத்தவற்றில் பல, தறியிலேயே சிலுவை வடிவத்தில் ஒரே துணியாக நெய்யப்பட்டவை. நடுவில் கழுத்துக்கு ஒரு பிளவு, இரண்டு பக்கமும் நீட்டிய ஸ்லீவ்கள். தறியிலிருந்து இறக்கி, தோளில் மடித்து, பக்கங்களைத் தைத்துவிட்டால் ஆடை தயார். கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லை, கைக்குழி என்று எதுவும் இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். சிலவற்றில் அக்குளைத் தைக்காமல் திறந்தே விட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அதை ஒரு சின்ன விஷயமாகக் கடந்துவிட்டேன், பின்னால்தான் அதன் அருமை புரிந்தது.

அதற்குப் பிறகு ஆயிரம் ஆண்டு கழித்தும் உள்சட்டையில் இதே புத்திதான். 16ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஐரோப்பிய ஆண்கள் போட்ட லினன் சட்டையைப் பிரித்துப் போட்டால் செவ்வகங்களும் சதுரங்களும் மட்டுமே கிடைக்கும். உடம்புக்கு ஒரு நீளத் துண்டு, தோளில் மடித்தது. ஸ்லீவுக்கு இரண்டு செவ்வகம். கழுத்தோரம் சின்னத் துண்டுகள். அப்புறம் ஒவ்வொரு அக்குளுக்கும் ஒரு சதுரத் துண்டு. ராஜாவின் சட்டையும் உழவனின் சட்டையும் இதே வெட்டுதான், லினனின் மென்மையும் தையலின் நுணுக்கமும்தான் வேறு. வளைத்து வெட்டத் தெரியாததால் இப்படி வைத்திருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஆளிச்செடியை வளர்த்து, ஊறவைத்து, அடித்து, நார் எடுத்து, கையால் நூற்று, கையால் நெய்த துணி அது. அதில் ஒரு வளைவு வெட்டினால் மிச்சம் விழும் பிறைத்துண்டை வைத்து என்ன செய்வது? செவ்வகமாகவே வெட்டினால் ஒரு விரலகலத் துணிகூட வீணாகாது. தைக்கிற உழைப்பு மலிவு, துணி விலை அதிகம். அந்த விலைக் கணக்குக்கேற்ற வெட்டு இது.

அந்த அக்குள் சதுரத்தைப் பற்றி நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது இடுப்பிலிருந்து அக்குள் வழியாக முழங்கை வரை ஒரு நூலை உடம்போடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். அதே நூலைக் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பிடித்தால் நீளம் பத்தாது. கை உயர உயர அக்குள் பக்கத்து வழி நீள்கிறது. தோளுக்கு மேல் பக்கத்து வழி குறுகுகிறது. ஆக, கை மேலே போக வேண்டுமானால் அக்குளில் உபரித் துணி இருந்தாக வேண்டும். சதுரத்தை மூலைவாட்டில் திருப்பி வைத்துத் தைத்தால் அந்த உபரி கிடைக்கிறது. கை தொங்கும்போது அந்தத் துணி அக்குளுக்குள் மடிந்து கிடக்கும், கை தூக்கும்போது விரியும். மூலைவாட்டில் இருப்பதால் துணி கிராஸாக இழுபடும், அதனால் கொஞ்சம் நெகிழ்ந்தும் கொடுக்கும். இவ்வளவையும் யாரோ ஒருவர் எழுதி வைத்த கணக்கு இல்லாமல், போட்டுப் பார்த்துக் கிழிந்து தைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

துணியை வளைத்து வெட்டியபோது

பையைவிட்டு வெளியே வரும் ஆசை 14ஆம் நூற்றாண்டில் பலமாக வருகிறது. 1330கள், 1340களில் ஆண்களின் மேலாடை குட்டையாகி, மார்பையும் இடுப்பையும் கையையும் ஒட்டிப் பிடிக்கத் தொடங்கியது. வரிசையாகப் பொத்தான் வைத்து மூடும் வழக்கமும் அப்போதுதான் பரவியது. லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரை மண்ணிலிருந்து கிடைத்த 14ஆம் நூற்றாண்டு ஸ்லீவ் துண்டுகளில் சின்னச் சின்னத் துணிப்பொத்தான்கள் நெருக்கமாக இருக்கின்றன. தலை நுழைகிற அளவுக்கு உடம்பு அகலமாக இருக்க வேண்டும், முழங்கை நுழைகிற அளவுக்கு மணிக்கட்டு அகலமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் பொத்தானோடு போயிற்று. ஆனால் இறுக்கமான ஸ்லீவைச் செவ்வகமாக வெட்டி நேர்த்தையலில் ஒட்டினால் கையை அசைக்க முடியாது. அப்போதுதான் உடம்புத் துண்டின் ஓரத்தில் குழியும், ஸ்லீவின் மேல்பக்கத்தில் அதற்கு ஈடான வளைவும் வருகின்றன.

அந்தக் காலத்துச் சாதாரண மக்களின் துணி நமக்குக் கிடைத்திருப்பதே ஒரு அதிசயம். கிரீன்லாந்தின் தென்முனையில் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்ற இடத்தில் நார்ஸ் குடியேறிகளின், அதாவது வைகிங் வழிவந்தவர்களின், கல்லறைகளை 1921இல் டென்மார்க்கின் பவுல் நோர்லுண்ட் தோண்டினார். பிணப்பெட்டிக்கு மரம் கிடைக்காத அந்த ஊரில் பலரை அவர்களுடைய உடைகளிலேயே சுற்றிப் புதைத்திருந்தார்கள். உறைந்த மண் அந்தக் கம்பளி உடைகளைக் காத்துக் கொடுத்தது, இன்று அவை கோபன்ஹேகனில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் வெட்டு வரைபடத்தை முதலில் பார்த்தபோது எனக்குக் கண் நிலைகுத்திவிட்டது. இடுப்பிலிருந்து கீழே முக்கோணத் துண்டுகள் சேர்த்துச் சேர்த்து விரிந்த பாவாடை, மேலே ஒடுங்கிய உடம்பு, அக்குளுக்குள் ஒட்டியே நிற்கும் கைக்குழி, நமக்கு இன்று பழகிய மாதிரியே வளைந்த ஸ்லீவ். அந்த ஸ்லீவின் தையல் பல உடைகளில் அக்குளில் வருவதில்லை, கையின் பின்பக்கம் வருகிறது, அங்கே மேலே ஒரு சிறு முக்கோணத் துண்டையும் செருகியிருக்கிறார்கள். கை முன்னால் போகும்போது முதுகுப் பக்கம்தான் இழுக்கும், அதற்காக. படகு வலித்து, ஆடு மேய்த்து, வைக்கோல் அறுத்த ஜனங்களின் உடை அது.

அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். குழி சின்னதாக இருந்தால்தான் கை சுதந்திரமாக இருக்கும், தையல்காரர் சொன்னதற்கு நேர் எதிர். அதை ஒரு கொள்கையாகவே பிடித்துக்கொண்டு, தைக்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சரி, அந்தக் கொள்கையை ஒரு ஆடை உடைத்தது. பிரான்சின் லியோன் நகரில் நெசவு அருங்காட்சியகத்தில் ஒரு பூர்ப்வான் இருக்கிறது, பஞ்சு வைத்துத் தைத்த ஆண்களின் மேலங்கி. பிரித்தானிப் பகுதியின் ஆட்சிக்காகப் போரிட்டு 1364இல் ஓரே என்ற ஊரில் நடந்த சண்டையில் இறந்த சார்ல் த புளுவாவுடையது என்று சொல்லிப் புனிதப் பொருளாகக் காக்கப்பட்டு வந்தது. பொன்னிழையும் பட்டும் சேர்த்து நெய்த துணி, எண்கோணங்களுக்குள் சிங்கமும் கழுகும். ஒட்டிப் பிடித்த உடை, சண்டை செய்கிறவனின் உடை. அதன் கைக்குழி எப்படி இருக்கிறது தெரியுமா? மிகப் பெரியது. தோளோடு நிற்காமல் மார்புக்குள்ளும் முதுகுக்குள்ளும் வட்டமாகப் புகுந்து வெட்டியிருக்கிறது. ஸ்லீவின் மேல்பகுதி அந்த வட்டத்தை நிரப்ப முக்கோணத் துண்டுகளால் விரிந்து போகிறது. இந்த வகைக்குப் பிரெஞ்சில் 'கிராந்த் அசியத்' என்று பெயர். அசியத் என்றால் தட்டு என்றும் பொருள், இருக்கை என்றும் பொருள். இந்த வெட்டைத் தைத்துப் போட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, இதைப் போட்டுக்கொண்டு கையை எந்தப் பக்கமும் தூக்கலாம், வாளைச் சுழற்றலாம், உடம்புத் துணி அசையாது என்பதுதான். அப்படியானால் சின்னக் குழி என்ற என் கணக்கு? பெரிய குழியும் தப்பு, சின்னக் குழியும் சரியில்லை என்றால் எதைத்தான் பிடிப்பது? ஒரு வருடம் போல இந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

தைக்காமல் விட்டவர்கள்

இடையில் இத்தாலியர்களைச் சொல்லாமல் போக மனமில்லை. 15ஆம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸில் ஸ்லீவ் தனிப்பொருள். உடையோடு சேர்த்துத் தைக்காமல் நாடாவால் தோளில் கட்டிக்கொள்வார்கள், வீட்டுச் சொத்துப் பட்டியலில் ஸ்லீவ்களைத் தனியாக எழுதுவார்கள், விலையுயர்ந்த பட்டில் செய்த ஒரு ஜோடியை வேறு வேறு உடைகளுக்கு மாற்றி மாற்றிக் கட்டலாம். அந்த ஊர் ஓவியர் கிர்லாண்டாயோ வரைந்த, ஜொவான்னா தோர்னபுவோனி என்ற பெண்ணின் படம் இப்போது மட்ரிட்டில் இருக்கிறது. அதில் தோள் இடைவெளியிலும் ஸ்லீவின் பிளவுகளிலும் உள்ளே போட்ட வெள்ளை லினன் உப்பி வெளியே வருவதைப் பார்க்கலாம். அலங்காரம்தான், ஆனால் எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. மேலே மட்டும் கட்டு, கீழே திறந்து விடு. அக்குளில் இணைப்பே இல்லை, அதனால் இழுக்கவும் ஒன்றுமில்லை. எகிப்தில் கிடைத்த டியூனிக்குகளின் தைக்காத அக்குளும் இதேதான். கீழே உள்ளே போட்ட செவ்வக வெட்டு உள்சட்டை, அதன் அக்குள் சதுரத்தோடு, மானத்தையும் காத்து அசைவையும் கொடுக்கிறது. இரண்டு அடுக்கும் சேர்ந்துதான் ஒரு உடை. வெளியாடையை மட்டும் பார்த்துவிட்டு "எப்படி இவ்வளவு இறுக்கமாகப் போட்டார்கள்" என்று வியக்கிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அம்மாவின் கையில் குண்டூசி

எனக்குத் தெளிவு வந்தது 18ஆம் நூற்றாண்டு கவுன் ஒன்றின் வழியாக. ஆங்கிலேய ஆய்வாளர் ஜேனட் அர்னால்ட் அருங்காட்சியக உடைகளை ஒவ்வொன்றாக அளந்து, தையல் எங்கே எப்படி ஓடுகிறது என்பது வரை வரைந்து வைத்தார். அப்படி வரைந்த 18ஆம் நூற்றாண்டுப் பெண்களின் கவுன்களில் ஸ்லீவ் பொருத்தும் முறை நாம் பழகியதற்கு முற்றிலும் வேறு. நாம் ஸ்லீவ் முழுவதையும் ஒரே சுற்றாக, துணியை உள்பக்கம் திருப்பி அடிக்கிறோம். அவர்கள் அக்குளைச் சுற்றிய கீழ்ப்பாதியை மட்டும் உள்ளிருந்து நெருக்கத் தையல் போட்டு முடித்துவிடுவார்கள். மேல்பாதி திறந்தே கிடக்கும். அப்புறம் போடுகிறவரை நிற்க வைத்து, ஸ்லீவின் மேல்விளிம்பை லைனிங்கின் தோள்பட்டை மேல் ஏற்றி, அங்கங்கே மடிப்பு வைத்து, ஊசி குத்தி, உட்காருகிற மாதிரி உட்கார வைத்துத் தைப்பார்கள். பிசிறு தெரியும் அந்த விளிம்பின் மேல் கவுன் துணியின் தோள்பட்டைத் துண்டைப் போர்த்தி, வெளியிலிருந்து தைத்து மூடிவிடுவார்கள்.

இந்த முறைக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1675இல், பதினான்காம் லூயி காலத்தில், பாரிஸில் பெண் தையல்காரர்களுக்குத் தனிச் சங்கம் அனுமதிக்கப்பட்டது. அதுவரை மேலாடை தைக்கும் உரிமை ஆண்களின் சங்கத்துக்குத்தான். எலும்பு வைத்துத் தைக்கும் இறுக்கமான உள்மார்புக் கச்சை அதற்குப் பிறகும் ஆண்களிடமே இருந்தது, தளர்ந்து விழும் கவுன் பெண்களிடம் வந்தது. அந்தப் பெண்கள் துணியை உடம்பின் மேலேயே போட்டு, அங்கேயே மடித்து, அங்கேயே ஊசி குத்திப் பொருத்தினார்கள். தோளின் சரிவு ஒவ்வொருவருக்கும் வேறு, வலது தோளும் இடது தோளுமே வேறு. அதை மேஜையில் வைத்துக் கணக்குப் போடாமல் ஆளின் மேலேயே தீர்த்துக்கொண்டார்கள். இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. இத்தனை நுட்பமான ஒரு பொருத்தத்தை எந்தச் சூத்திரமும் இல்லாமல் விரலால் செய்திருக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காடா துணி எடுத்து அதே மாதிரி வெட்டினேன். குறுகிய முதுகு, தோள் தையல் பின்னால் தள்ளி, கைக்குழி அக்குளை முட்டுகிற உயரத்தில். கீழ்ப்பாதியை நானே தைத்தேன். மேல்பாதிக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாயில் நான்கு குண்டூசிகளை வைத்துக்கொண்டு, என் கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டச் சொல்லிவிட்டு மடிப்பு வைக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஊசிகளை எடுத்துவிட்டுச் சொன்னார்: "இதுல மேல என்ன பண்ணினாலும் ஒண்ணுமில்ல கண்ணு. நாலு மடிப்பு வெச்சாலும் சரி, ரெண்டு வெச்சாலும் சரி. கீழதான் நிக்குது எல்லாம்."

கையைத் தூக்கினேன். தலைக்கு மேல் வரை போயிற்று. இடுப்புத் துணி இம்மியும் ஏறவில்லை. இன்னொரு கையையும் தூக்கினேன். அம்மா கீழ் விளிம்பை விரலால் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், அது நகரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காடா துணியை அரை மணி நேரம் கழற்றவே இல்லை.

அம்மா சொன்ன அந்த வார்த்தையில் லியோன் அங்கியும் விளங்கிவிட்டது. குழி பெரிதா சின்னதா என்பதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்க வேண்டியது குழியின் அடிப்புள்ளி எங்கே இருக்கிறது என்பதை. சார்ல் த புளுவாவின் அங்கியில் குழி மார்புக்குள்ளும் முதுகுக்குள்ளும் அகலமாகப் போகிறதே தவிர, கீழே இறங்கவில்லை. அடிப்புள்ளி அக்குளிலேயே உயரமாக நிற்கிறது. கிரீன்லாந்து உடையிலும் அப்படித்தான், 18ஆம் நூற்றாண்டு கவுனிலும் அப்படித்தான். கதவின் கீலுக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றைக் கட்டினால் கதவைத் திறக்கும்போது கயிறு கொஞ்சமே நகரும், விளிம்பில் கட்டினால் கதவோடு சேர்ந்து வெகுதூரம் இழுபடும். கைக்குக் கீல் தோள்மூட்டு. தையல் அக்குளை ஒட்டி இருந்தால் கை உயரும்போது அது ஏறக்குறைய இருந்த இடத்திலேயே திரும்புகிறது. அரை இன்ச் இறக்கி வெட்டினால் ஸ்லீவ் விலாவிலிருந்து தொடங்குகிறது, கை தூக்கும்போது விலாவில் இருக்கிற துணியையும் கூடவே மேலே கொண்டுபோகிறது. என் பச்சை ஜாக்கெட்டில் கூடிய ஒரு விரற்கடை அதுதான்.

அடிப்புள்ளி இறங்கிய கதை

இது தெரிந்த பிறகு பழைய உடைகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. இங்கிலாந்தின் பாத் நகரத் தொகுப்பில் 1660 வாக்கில் செய்த ஒரு வெள்ளியிழை உடை இருக்கிறது. பேரழகு, ஆனால் கழுத்து தோளைவிட்டு அகன்று, ஸ்லீவ் மேல்கையில்தான் தொடங்குகிறது. அதைப் போட்டவரால் கையைத் தோளுக்கு மேல் தூக்கியிருக்க முடியாது, தூக்க வேண்டிய தேவையும் அவருக்கு இருந்திருக்காது. 1830களிலும் இதுவே திரும்ப வருகிறது. ஆட்டுத்தொடை மாதிரி மேலே உப்பிய ஸ்லீவ், அது அமுங்காமல் நிற்க உள்ளே இறகு அடைத்த சின்னத் தலையணைகள். 1836 வாக்கில் அந்த உப்பல் சரிந்து 1840களில் ஸ்லீவ் ஒட்டிப்போனது, தோள் தையல் மட்டும் கீழேயே நின்றுவிட்டது. அகலமும் போய், உயரமும் போய், அக்குளில் சதுரத் துண்டும் இல்லாத அந்த வெட்டு இத்தனை நூற்றாண்டிலேயே மிகக் கொடியது என்பேன். உழைக்கிற ஆண்களின் சட்டையில் தோள் தையல் அதைவிடத் தாழ்வாகத்தான் இருந்தது, ஆனால் அதில் சதுரம் இருந்தது. அந்தக் காலத்து இரண்டு உடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் வேலை செய்தார்கள் என்பதை அக்குளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அதே நூற்றாண்டில் அளக்கும் முறையும் மாறியது. 18ஆம் நூற்றாண்டில் தையல்காரர் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நீளக் காகிதப் பட்டை வைத்திருப்பார், அதில் அந்த ஆளின் அளவுகளை வெட்டுக்குறியாகப் போட்டு வைப்பார். 19ஆம் நூற்றாண்டில் இன்ச் டேப் வந்தது, அதோடு மார்புச் சுற்றளவிலிருந்து மற்ற அளவுகளைக் கணக்கிடும் முறைகளும் வந்தன. மார்பு இத்தனை என்றால் கைக்குழி ஆழம் இத்தனை. நம் ஊர்த் தையல் வகுப்புகளில் மார்பளவை வகுத்துக் கைக்குழி போடச் சொல்லித் தருகிறார்களே, அது இந்தக் கணக்கின் தொடர்ச்சி. கணக்கில் தப்பில்லை. ஆனால் மார்பு பெரிதானவருக்கு அக்குள் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மார்பளவு கூடக்கூடக் குழி ஆழமாகிக்கொண்டே போகும் அந்த வெட்டில் பருமனானவர்களுக்குத்தான் கை அதிகம் பிடிக்கிறது. "நீங்க குண்டு, அதான் பிடிக்குது" என்று எத்தனை பெண்கள் கேட்டிருப்பார்கள். அவர்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை.

பிறகு ரெடிமேட் வந்தது. ஒரே அளவுச் சட்டை மெலிந்த கைக்கும் தடித்த கைக்கும் நுழைய வேண்டும், ஆகவே குழியை இறக்கிவிடுவது பத்திரம். கடையில் போட்டுப் பார்க்கிறவர் கையைத் தொங்கவிட்டுத்தான் கண்ணாடி முன் நிற்கிறார், அப்போது எங்கும் இடிக்காத உடைதான் சௌகரியமாகத் தெரியும். உயர்ந்த கைக்குழி முதல் நிமிடத்தில் அக்குளைத் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தோன்றும். அந்தத் தொடுதலைத்தான் என் தையல்காரர் டைட் என்றார், நானும் டைட் என்று நம்பினேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவர் கற்றது அப்படி, அவரிடம் வருகிறவர்கள் கேட்பதும் அப்படி.

குழியையே ஒழித்துவிட்டவர்களும் உண்டு. வாட்டர்லூ போரில் 1815இல் வலது கையை இழந்த ஃபிட்ஸ்ராய் சாமர்செட் பின்னாளில் ராக்லன் பிரபு ஆனார், கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படையை நடத்தினார். அவர் பெயரால் வழங்கும் ராக்லன் ஸ்லீவில் தோளில் தையலே கிடையாது, அக்குளிலிருந்து சாய்வாகக் கழுத்துக்கே ஓடும். மழைக்கோட்டிலும் விளையாட்டு பனியனிலும் இன்றும் பார்க்கிறோம். அந்த வெட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லியோன் அங்கியின் நினைவு வரும். இரண்டிலும் ஸ்லீவ் உடம்புக்குள் தாராளமாக நுழைகிறது, தோள் எலும்பின் மேல் தையல் உட்காரவில்லை.

என் பச்சை ஜாக்கெட்டை ஏறக்குறைய நான்கு வருடம் பீரோவில் வைத்திருந்தேன். வெட்டிய துணியைத் திரும்ப ஒட்ட முடியாது, குழியை மேலே ஏற்ற வழியில்லை. போன மாதம் அம்மாதான் அதை எடுத்து, பக்கத் தையலில் அக்குளிலிருந்து இரண்டு இன்ச்சும் ஸ்லீவ் தையலில் இரண்டு இன்ச்சும் பிரித்தார். சேலையோடு வந்த பிட்டில் மீந்திருந்த துணியிலிருந்து மூன்று இன்ச்சில் இரண்டு சதுரம் வெட்டினேன். சுற்றிலும் அரை இன்ச் தையலுக்குப் போக உள்ளே இரண்டு இன்ச் வரும். மூலைவாட்டில் திருப்பி, ஒரு மூலை ஸ்லீவுக்கு, ஒரு மூலை பக்கத்துக்கு, மற்ற இரண்டும் முன்னும் பின்னும் கைக்குழித் தையலில் சேரும்படி வைத்து, மெஷினில் வேண்டாமென்று கையாலேயே தைத்தோம். ஜாக்கெட் இத்தனை நாளில் லேசாக வெளுத்திருந்தது, சதுரம் மட்டும் புதுப் பச்சை. கையைத் தொங்கவிட்டால் அது அக்குளுக்குள் மடிந்து போய்விடுகிறது.

நேற்று அதைப் போட்டுக்கொண்டு பரணிலிருந்து பித்தளைத் தவலையை இறக்கினேன். அம்மா கீழே நின்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார், வாங்கும்போது தவலையைப் பார்க்கவில்லை, என் கீழ்ப்பட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏறல கண்ணு" என்றார்.